லுஹருக்குப் பின் சற்று நேரம்



குண்டசாலையில் நடந்த பெண்கள் பயானில் ஒரு சகோதரி துண்டுக் கடதாசியில் கேள்வி எழுதி அனுப்பியிருந்தார். "லுஹர் தொழுதுவிட்டுச் சற்று நேரம் சாய்ந்தால் மாமி என்னைச் சோம்பேறி என்கிறார். இது குற்றமா ஹஸ்ரத்?"

அவர் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்து வந்தவர். அங்கே எத்தியோப்பியப் பெண்ணொருத்தியும் அவரும் ஒரே குசினியில் நின்றார்களாம். இருவருக்கும் நடுநிசிக்குப் பின்தான் படுக்கை. அந்தக் கறுப்பினப் பெண்ணுக்கு நிறத்தைச் சொல்லி ஏச்சும் சேர்ந்து கிடைத்ததாம்.

வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்று 2011இல் சர்வதேச தொழில் அமைப்பின் 189ஆம் சமவாயம் சொன்னது. நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரம் ஒரு நாள் லீவு என்று குவைத்தும் 2015இல் சட்டமாக்கியது. அது எத்தனை வீட்டுக் கதவைத் தாண்டி உள்ளே போனது என்பதை அங்கிருந்து வந்தவர்களிடம் கேளுங்கள்.

ஒருவரை அவருடைய அரபியல்லாத தாயைச் சொல்லி அபூதர் (ரழி) அவர்கள் ஏசிவிட்டார்கள். அத்தாய் கறுப்பினத்தவர் என்றும், மகன் பிலால் (ரழி) என்றும் சில அறிவிப்புகளில் வருகிறது. நபி (ஸல்) அவர்கள், உம்மிடம் இன்னும் ஜாஹிலிய்யாக் குணம் இருக்கிறதே என்று கண்டித்தார்கள். பேச்சு அத்தோடு நிற்கவில்லை. பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் கூட நின்று உதவுங்கள் என்றார்கள் (புகாரி, முஸ்லிம்). நிறத்தை இகழ்ந்ததற்குக் கிடைத்த கண்டிப்பு வேலைச் சுமையில் போய் முடிவதைக் கவனியுங்கள்.

அரபு வீட்டை ஏசுவது நமக்கு இலகு. பணிப்பெண்ணுக்கே இந்த உரிமை என்றால் மருமகளுக்கு எவ்வளவு!

பள்ளிவாசலில் இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டியிருந்தது. நின்று தொழுது களைத்தால் பிடித்துக்கொள்ள ஸைனப் (ரழி) அவர்கள் கட்டியது. நபியவர்கள் அதை அவிழ்க்கச் சொன்னார்கள். தெம்பிருக்கும் வரை தொழட்டும், களைத்தால் உட்காரட்டும் என்றார்கள். வணக்கத்துக்கே இப்படியென்றால் கறிச்சட்டிக்குச் சொல்ல வேண்டுமா?

ஆகவே சகோதரி, குற்றமில்லை. தாராளமாகச் சாயுங்கள். பிள்ளைகள் அனுமதி கேட்டே அறைக்குள் வர வேண்டிய மூன்று நேரங்களில் நண்பகல் ஓய்வும் ஒன்று என்கிறது ஸூரா அந்நூரின் 58ஆம் வசனம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். அந்த நேரம் தேத்தண்ணி கேட்டு வாப்பாமாரும் கதவைத் தட்டாமல் இருக்கலாம்.