பருவமும் விவேகமும்

சிறார்க்கெனத் தனிச்சட்டம் இயற்றுவதில் 1920-ஆம் ஆண்டிலேயே நாட்டிற்கு முன்னோடியாக நின்றது சென்னை மாகாணம். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமோ, பதினாறு நிரம்பிய ஒருவன்மீது கொடுங்குற்றம் சாட்டப்படின், அவனைப் பெரியவனாகக் கருதி விசாரிப்பதா என்பதை முடிவு செய்யுமுன் அவனது மனத்திறனையும் விளைவறியும் ஆற்றலையும் சூழலையும் மதிப்பிடச் சொல்கிறது. குழந்தை உளவியல் கற்றவர் இளைஞர் நீதிக் குழுமத்தில் இல்லையெனில் உளவியலாரின் துணை கட்டாயம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வரவேற்கிறோம்.

எனினும் அவ்வுளவியலாரின் பணி எத்துணை அரிது! இன்று எதிரில் அமர்ந்திருக்கும் சிறுவனைக் கொண்டு, அன்று தோழர் நடுவே அவன் உள்ளம் நின்ற நிலையை உரைத்தல் வேண்டும். குற்றமோ இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. "தவறென்று தெரியும், இனிச் செய்யேன் என்று சொல்" என மகனுக்குக் கற்பித்து அனுப்பும் அன்னையர் உண்டு. அவ்வொரு சொல்லே அவன் அனைத்தும் அறிந்து செய்தான் என்பதற்குச் சான்றாகிவிடலாகாதா? அறிவு வேறு, அடக்கம் வேறு. அநாதைகளின் பொருளை ஒப்படைக்குங்கால் பருவம் எய்தியமை மட்டும் போதாது, விவேகமும் காணப்பெறல் வேண்டும் என்பது திருமறையின் நிஸா அத்தியாயம் காட்டும் நெறி. பொருளுக்கே இத்துணைப் பொறுமை! கூர்நோக்கு இல்லத்து வாயிலில் நிற்கும் தாய்க்கு வழக்கறிஞரைத் தேடித்தரும் நம் ஜமாஅத்துப் பெரியோர், நல்லதோர் உளவியலாரையும் தேடித்தருதல் வேண்டும் என்பதே நம் விண்ணப்பம்.