டி.சி. புத்தகத்திலிருந்து தொடங்கட்டும்

பொருள்கள் சூழலுக்கு உகந்தவையாக வடிவமைக்கப்பட வேண்டும் என்று கோரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 ஜூலை 18 அன்று நடைமுறைக்கு வந்தது. வரும் ஆண்டுகளில் அங்கு விற்கப்படும் ஆடைகளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் தேவைப்படும். க்யூஆர் குறியீடு போன்ற ஓர் அடையாளத்தை ஸ்கேன் செய்தால் அந்த ஆடையின் பின்னணி தெரிய வேண்டும். ஜவுளிக்கான விரிவான விதிகளை 2027 வாக்கில் வகுக்க உத்தேசம். நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் தரும் திருப்பூர், எந்த மென்பொருளை வாங்கலாம் என்ற கேள்வியோடு இதை முடித்துக்கொள்ளக் கூடாது. இதற்கான இணையச் சேவை திருப்பூரிலேயே ஆய்வு செய்யப்பட்டு, பட்டறைகளுக்குப் பொதுவான வசதியாக உருவாக வேண்டும்.

காரணம் இங்குள்ள தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது. பெரும்பாலான டி-சர்ட்டுகள் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நூல் மூட்டை நிட்டிங்குக்குப் போகிறது, துணி சாயப்பட்டறைக்கு, பிறகு காம்பேக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங். சரக்கு ஜாப் ஒர்க்குக்குப் போகும்போதெல்லாம் ஒரு டி.சி. (டெலிவரி சலான்) போடப்படுகிறது. கார்பன் தாள் வைத்து எழுதும் அந்தச் சீட்டில் பார்ட்டி பெயர், லாட் நம்பர், கலர், டயா, ஜி.எஸ்.எம்., ரோல் எண்ணிக்கை, எடை எல்லாம் இருக்கும். பாஸ்போர்ட்டுக்கு வேண்டிய அடிப்படைத் தகவல் ஏற்கெனவே எழுதப்படுகிறது; ஆனால் அடுத்த பட்டறை தன் வசதிக்கு வேறு நம்பர் போட்டதும் தொடர்ச்சி அறுந்துவிடுகிறது. ஒரே நூல் லாட் நான்கு கலராகப் பிரிகிறது. வெவ்வேறு நிட்டிங் பட்டறைகளின் துணி ஒரே சாய மெஷினில் சேர்கிறது. இப்படிப் பிரிவதையும் சேர்வதையும் பதிய ஜிஎஸ்1 அமைப்பின் ஈபிசிஐஎஸ் என்ற திறந்த தரநிலையில் இடமுண்டு. அதைத் திருப்பூரின் டி.சி. வழக்கத்தோடு பொருத்துவதுதான் உண்மையான ஆய்வு வேலை. பஞ்சு பேலுக்கே க்யூஆர் குறியீடு தரும் கஸ்தூரி காட்டன் பாரத் திட்டம் ஒருபுறம்; கப்பால், மாரிமெக்கோ நிறுவனங்களின் ஆடைகளில் பாஸ்போர்ட்டைச் சோதித்த ஸ்வீடனின் ஆய்வு மறுபுறம். நடுவில் நிற்கும் ஜாப் ஒர்க் பட்டறையின் கைக்கு எது பழகும் என்பதை இங்கேதான் கண்டறிய முடியும்.

பொது வசதி என்பது திருப்பூருக்குப் புதிதல்ல. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை முற்றிலும் மறுசுழற்சி செய்யும் செலவைச் சிறு பட்டறைகள் தனித்தனியே தாங்க முடியாது. தொழில் மீள்வதற்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உதவின. தகவல் விஷயத்திலும் அதே நிலைதான். மூன்று எக்ஸ்போர்ட்டர்களுக்கு வேலை செய்யும் ஒரு காம்பேக்டிங் பட்டறை, மூன்று பையர்களின் போர்ட்டல்களில் தனித்தனியே எடையை டைப் செய்ய வேண்டுமென்றால் அது நடக்காது. யாரோ ஒருவர் அலுவலகத்தில் உட்கார்ந்து தோராயமாக நிரப்புவார். பிளாக்செயினில் ஏற்றினாலும் பொய் பொய்தான். அழிக்க முடியாத பொய். அதைப் பிடிக்க எளிய வழி எடைக் கணக்கு. வாங்கிய நூல் எவ்வளவு, அதிலிருந்து வந்த துணி எவ்வளவு, சாயத்திலும் கட்டிங்கிலும் போன கழிவு எவ்வளவு என்று சங்கிலி முழுவதையும் ஒத்துப்பார்த்தால் இடையில் கூடுதலாக நுழைந்த வேற்று நூல் வெளிப்படும். ஒவ்வொரு ரகத்துக்கும் கழிவின் நியாயமான அளவை நிர்ணயிப்பது, 1956 முதல் ஜவுளி ஆய்வு செய்துவரும் கோவை சிட்ரா போன்ற நிறுவனத்துக்குக் கைவந்த வேலை.

ஐரோப்பிய விதிகளே முழுமையாக வராதபோது என்ன அவசரம் என்று கேட்கலாம். ஆனால் கேள்வி ஐரோப்பாவிலிருந்து மட்டும் வரவில்லை. 2022 ஜூன் முதல் அமெரிக்காவில் அமலில் உள்ள உய்குர் கட்டாய உழைப்புத் தடைச் சட்டத்தின்கீழ் சரக்கு நிறுத்தப்பட்டால், பஞ்சு எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆவணங்களை அடுக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு தயக்கம் கனமானது: தன் ஜாப் ஒர்க்கர் யார் என்று பையருக்குத் தெரிந்துவிட்டால் ஆர்டர் நேராக அங்கே போய்விடுமோ என்று எக்ஸ்போர்ட்டர் அஞ்சுகிறார். அந்த அச்சத்தை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் ஐரோப்பிய ஏற்பாட்டில் மையப் பதிவேட்டுக்குப் போவது முக்கியமாக அடையாள எண்கள்தான். விவரங்களைப் பல இடங்களில் வைத்து, யார் எதைப் பார்க்கலாம் என்று வரையறுக்க முடியும். பட்டறையின் பெயரை மறைத்து, அதன் சான்று உண்மையானது என்பதை மட்டும் நிரூபிக்கும் குறியாக்க முறைகளும் இருக்கின்றன. எல்லாத் தகவலும் ஒரு வெளிநாட்டு பிராண்டின் சர்வரில் குவிவதைவிட இது எக்ஸ்போர்ட்டருக்கும் பாதுகாப்பு.

கம்ப்யூட்டர் ஆள் வைக்க வழியில்லாத பட்டறைக்கு இது இன்னொரு சுமை என்ற ஆட்சேபம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதனால்தான் டி.சி.யையே மொபைலில் போடும்படி, தமிழில், சேவை அமைய வேண்டும் என்கிறேன். எழுதும் வேலை ஒன்றுதான், இரண்டல்ல. செலவை அரசும் பையர்களும் ஏற்க வேண்டும். பதிவின் ஒரு பிரதி பட்டறையிடமே நிற்க வேண்டும். சிறு, குறு நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் வேலையை ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது. ஆனால் எந்த நாளில் ஏற்றார்கள் என்பதிலேயே தகராறு வரக்கூடும். துணி இறங்கியதும் வாங்கியவர் தன் மொபைலில் ஒப்புதல் கொடுத்தால், ஐரோப்பாவில் க்யூஆரை ஸ்கேன் செய்பவருக்குப் பயன்படும் அதே பதிவு, அயர்னிங் பட்டறைக்காரர் தன் பாக்கியைக் கேட்கும்போது தேதியோடு காட்டும் சாட்சியாகவும் இருக்கும்.