வலையின் கண்ணும் வீட்டுச் சுவரும்

இக்காலத்தில் நம் வீடுகளில் அடிக்கடி எழும் வழக்குகளுள் ஒன்று, இணைய வேகம் போதாது என்பதாகும். வழக்குத் தொடுப்போர் பிள்ளைகள். தீர்ப்புக் கூறவேண்டியவர் மாதந்தோறும் பணங்கட்டும் தகப்பனார். இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து ஐம்பதைக் கடந்த எனக்கு இத்துறையிற் புலமை ஏதுமில்லை. ஆயினும் இவ்வழக்கு அண்மையில் என் வீட்டிலேயே எழுந்தது. விசாரித்து முடித்த வரலாறு பிறர்க்கும் பயன்படலாம் எனக் கருதி இதனை எழுதுகின்றேன்.

உயர்தர வகுப்பிற் கற்கும் என் மகள் ஒரு மாலை வந்து நின்றாள். “வாப்பா, மேல போனா கிளாஸ் வெட்டி வெட்டிப் போகுது. கீழ இருந்து படிப்பமெண்டா ஹோலுக்குள்ள ஆக்கள் இரிக்காங்க. நான் எங்க இருந்து படிக்கிற?” என்றாள்.

இணைப்புத் தந்தவர்களைக் கேட்டேன். கட்டணத்தைக் கூட்டி உயர்ந்த வேகம் பெறுக என்றனர். கல்முனைக் கடைத்தெருவில் வணிகர் ஒருவரைக் கேட்டேன். மூன்று பெட்டிகள் கொண்ட ‘மெஷ்’ தொகுதியை வாங்குக என்றார். இருவரும் மருந்து சொன்னார்களேயன்றி, நோய் யாது என்று எவரும் வினவவில்லை.

‘மெஷ்’ என்பது வலையின் கண்ணைக் குறிக்குஞ் சொல். நம் கடற்கரையிற் கரைவலை இழுப்போர், மீன் படாத நாளில் உடனே பெருவலை வாங்கக் கடன் தேடுவதில்லை. இருக்கும் வலை எவ்விடத்திற் கிழிந்தது என்று விரித்துப் பார்ப்பர். நம் அயலூராகிய காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளும், 1947 ஆம் ஆண்டு வெளிவந்த தமது யாழ் நூலில், பழந்தமிழ் யாழின் இயல்பை ஊகத்தால் உரையாது கணித்துக் காட்டினார். அளவாமல் முடிவு கூறலாகாது என்னும் அந்நெறியை நானும் சிறிது கைக்கொண்டேன்.

வேகம் அளக்கும் செயலி ஒன்றைக் கைத்தொலைபேசியில் இறக்கி, ரவுட்டர்ப் பெட்டியின் அருகே நின்று அளந்தேன். விநாடிக்கு 28 மெகாபிட் காட்டியது. மாடியறையில் அளந்தேன், 2 மெகாபிட்டும் தேறவில்லை. நேரலை வகுப்பொன்றைத் தெளிவாகக் காண 3 அல்லது 4 மெகாபிட் போதும். எனவே குறை வீதியிலிருந்து வரும் இணைப்பிலன்று; வீட்டினுள்ளேதான் இருந்தது. கட்டணத்தை இரட்டித்திருந்தால், பெட்டியருகே 56 ஆகியிருக்கும். மாடியறை பெரும்பாலும் முன்போலவே கிடந்திருக்கும்.

காரணம் யாது? வைஃபை அலைகளுள் நம் வீடுகளிற் பெரிதும் வழங்குவன இரண்டு. 2.4 கிகாஹேட்ஸ் அலை வேகங் குறைந்ததாயினும் சுவரைக் கடந்து தூரஞ் செல்லும். 5 கிகாஹேட்ஸ் அலை விரைவுடையதாயினும் சுவரில் மோதி விரைவில் மெலியும். இரும்புக் கம்பி பொதிந்த கொங்கிறீற்றுத் தட்டோ இரண்டையும் தளர்த்தும். 2004 டிசெம்பர் 26 ஆந் திகதிக் கடற்கோளின் பின் நம் கரையோரத்தில் எழுந்த வீடுகள் பல கொங்கிறீற்றை நம்பி எழுந்தவை. நிலம் அரிது; மகளுக்கு வீடு கொடுப்பது நம் வழக்கு; ஆதலின் அவை மேல்நோக்கி வளர்ந்தன. கடலலைக்கு அஞ்சிக் கட்டிய சுவர், இணைய அலையையும் தடுத்து நிறுத்திவிட்டது.

இனி, பெட்டி எங்கே இருந்தது? விருந்தினர் அமரும் முன்மண்டபத்தில், கண்ணாடி அலுமாரியின் மேல் இருந்தது. பெண்பிள்ளைகளின் கல்வி பற்றி மேடைகள் பலவற்றிற் பேசியவன் நான். என் வீட்டிலோ பேசிக்கொண்டிருப்போர்க்கு நிறைந்த வேகமும், படிப்பவளுக்கு எஞ்சிய துளியும் கிடைத்தன. அதனை உணர்ந்தபோது வெட்கினேன்.

2020 மார்ச்சில் நாட்டின் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. மறு ஆண்டு, போகிட்டியாவ என்னும் சிற்றூரின் பிள்ளைகள் காட்டுவழி நடந்து, பாறையேறிப் பாடம் பெற்ற செய்தி உலகெங்கும் பரவிற்று. அவர்களுக்கு அலை ஊருக்கே வரவில்லை. நம் வாசல்வரை வந்த அலையை ஒரு சுவருக்கப்பால் கொண்டுசெல்ல நாம் முயலாதிருப்பது தகுமா?

பெட்டியை மண்டபத்திலிருந்து வீட்டின் நடுவே, படிக்கட்டின் தலைப்பில் உயர வைத்தேன். மாடிக்கு ஒரு கம்பி இழுத்து, அங்கே இரண்டாம் பெட்டி ஒன்றை மட்டும் பொருத்தினேன். மூன்று தேவைப்படவில்லை. கம்பியின்றி ஒன்றுக்கொன்று அலையாலே பேசும் பெட்டிகளும் உள. ஆனால் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்துவன, ஒவ்வொரு தாவலிலும் வேகத்திற் பாதியளவு இழக்கும். இதனை வாங்குமுன் கேட்டறிதல் நன்று.

கட்டணம் உயர்த்துவதே தவறென்று நான் கூறவில்லை. பெட்டியருகே நின்று அளக்கும்போதே வேகம் குன்றினால், அல்லது ஒரே வளவில் மணமுடித்த மக்களின் குடும்பங்களும் கூடி ஓர் இணைப்பைப் பகிர்ந்தால், உயர்த்தல் முறையே. கோபுர அலையை வாங்கும் 4ஜி பெட்டியாயின், அதனைச் சாளரத்தருகே வைத்தல் வேண்டும். அவ்வீட்டிற்கு உள்ளே துணைப்பெட்டி தேவைப்படலாம். ஆயின் ஒன்றை மறவற்க: பெட்டி ஒருமுறைச் செலவு, கட்டணமோ மாதந்தோறும் வந்து கதவு தட்டும் செலவு.

ஆதலின் வாசகர்காள், பணப்பையைத் திறக்குமுன் வீட்டைச் சுற்றி ஒருமுறை அளந்து வாருங்கள். ‘எவ்வளவு வேகம் வருகிறது?’ என்பதோடு, ‘அது யாருடைய அறையை எட்டவில்லை?’ என்பதையும் கேளுங்கள். என் மகள் இப்போது தன் அறையிலிருந்தே பாடங் கேட்கின்றாள். மண்டபத்துக்கு வருவோர் வேகம் குறைந்தது என்று இதுவரை முறையிடவில்லை.