டாம்பான் ஆபத்தா? 8 மணி நேரக் கணக்கும் 13 மணி நேர வேலைநாளும்

ராசிபுரம் பக்கத்து கிராமத்தில் இருந்து சேலம் ஜவுளிக்கடைக்கு பஸ் ஏறி வேலைக்கு வரும் ஒரு பெண்ணின் நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 8 மணிக்குக் கிளம்பி, இரவு 9 மணிக்கு வீடு திரும்பினால் மொத்தம் 13 மணி நேரம். டாம்பானை 4 முதல் 8 மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும் என்கிறது மருத்துவம். சிக்கலே இங்கேதான்.

"டாம்பான் வச்சா உயிருக்கே ஆபத்தாமே?" என்ற பயத்துக்குப் பின்னால் இருப்பது டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம்.

அது என்ன?

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா பலரின் உடலில் தொந்தரவு செய்யாமல் இருக்கும். அதில் சில வகைகள் உருவாக்கும் நச்சு ரத்தத்தில் கலந்தால், ரத்த அழுத்தம் சரிந்து உறுப்புகள் செயலிழக்கலாம். 1980-ல் அமெரிக்காவில் மாதவிடாய் தொடர்பாக மட்டும் 800-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 30-க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அதிகம் உறிஞ்சும் 'ரிலை' டாம்பானை பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் அந்த செப்டம்பரில் திரும்பப் பெற்றது. இன்று இந்த நோய் மிக அரிது. ஆனால் வந்தால் வேகம் அதிகம். மென்ஸ்ட்ருவல் கப் பயன்படுத்தியவர்களிடமும் ஒரு சில பாதிப்புகள் பதிவாகியுள்ளன.

எப்படிக் கண்டுபிடிப்பது?

திடீர்க் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, வெயிலில் சுட்டது போன்ற தோல் சிவப்பு, தலைசுற்றல். நம்ம ஊரில் இதைப் பார்த்ததும் "டெங்குவா இருக்கும்" என்றுதான் முதலில் தோன்றும். அதனால் டாம்பானை உடனே எடுத்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். டாம்பான் வைத்திருந்ததை டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அந்த ஒரு வரி சிகிச்சையின் திசையையே மாற்றலாம்.

என்ன செய்யலாம்?

உதிரப்போக்குக்குப் போதுமான, குறைந்த உறிஞ்சுதிறன் கொண்டதையே வாங்குங்கள். கையைக் கழுவிவிட்டு மாற்றுங்கள். நீண்ட தூக்கத்துக்கு பேட் நல்லது.

ஆனால், மாற்றுவதற்கு இடம் வேண்டுமே! கடையில் கழிப்பறை மூன்றாவது மாடியில், தண்ணீர் வராது, போக சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும் என்றால், பாக்கெட்டில் உள்ள அறிவுரையால் யாருக்கு என்ன பயன்? பள்ளிபாளையம் விசைத்தறியில் நிற்பவருக்கும் இதே கேள்விதான்.

தொழிற்சாலைகளில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது தமிழ்நாடு. உட்காரும் உரிமையைச் சட்டமாக்கிய மாநிலம், தண்ணீரும் குப்பைத்தொட்டியும் உள்ள கழிப்பறையையும், கேள்வி கேட்காமல் போய்வர பத்து நிமிடத்தையும் உறுதி செய்ய வேண்டும். ஆய்வுக்குப் போகும் அதிகாரிகள் முதலில் அந்தக் கதவைத் திறந்து பார்க்கட்டும்.