ஒயரை ஒட்டுப்போட்டால் படம் ஏன் ஓடிவிடுகிறது?



தோட்ட மண்டபத்தில் காற்பந்து ஆட்டம் காட்ட ஏற்பாடு. பெட்டி ஒரு மூலையில், திரை மறு மூலையில். எச்.டி.எம்.ஐ. ஒயர் எட்டாது. உடனே ஓர் இணைப்பான் வாங்கி இரண்டு ஒயரைச் சேர்த்துவிடுவீர்கள். படம் பொறிப்பொறியாய் மின்னும். கோல் விழும் நேரத்தில் திரை இருண்டுவிடும்!

பழைய ஏரியல் படம் மங்கினாலும் புள்ளிமழையோடு தெரியும். மலேசியாவில் அந்த ஒளிபரப்பு 2019 அக்டோபரோடு நின்றது. இந்த ஒயரிலோ படம் சுழியும் ஒன்றுமாக ஓடுகிறது. விநாடிக்கு 60 படம் வீதம் 4கே-யில் அனுப்ப, ஒயர் விநாடிக்கு ஏறத்தாழ 1,800 கோடி பிட்டுகளைத் தாங்கவேண்டும். அந்த வேகத்தில் ஒவ்வோர் ஒட்டிலும் சிறு பங்கு மோதித் திரும்பும், நீளத்தாலும் தேயும். ஓர் அளவுக்குக் கீழே போனால் மங்காது, அற்றே போகும்.

ஆகவே ஒரே நீள ஒயராக வாங்குங்கள். 4கே-க்குச் சாதாரணச் செம்பு ஒயரை 5 மீட்டருக்கு மேல் நம்பமுடியாது. அதற்கும் மேல் என்றால் சில்லு வைத்த ஒயரோ, ஒளியிழை ஒயரோ வேண்டும். அவற்றில் எந்த முனை பெட்டிக்கு, எது திரைக்கு என்று எழுதியிருக்கும். மாற்றிச் செருகினால் படமே வராது.

வீட்டில் 2 மீட்டர் ஒயருக்குத் தங்கமுலாம் என்று கடைக்காரர் ஆசை காட்டினால் மயங்காதீர்கள். தடங்கலின்றி ஓடினால் மலிவு ஒயரிலும் அதே படம்தான்.

இன்றிரவே ஆட்டம், வேறு ஒயர் இல்லையா? பெட்டியின் அமைப்பில் 4கே-யை 1080-க்கு இறக்குங்கள். சுமை கால்பங்காகும்; ஒட்டுப்போட்ட ஒயரும் பெரும்பாலும் தாங்கிவிடும்.