நியூரோஃபீட்பேக்: மேக்கர் யார், செக்கர் யார்?

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். முடித்துவிட்டு பாங்கில் சேர்ந்து, டிரான்ஸ்ஃபர் மேல் டிரான்ஸ்ஃபராக ஊர் சுற்றி, இப்போது நாக்பூரில் லோன் ஃபைல்களோடு மல்லுக்கட்டும் கும்பகோணத்து ஆசாமி. மூளையைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்டால் ஒரே பதில்தான். பணம் கட்டியவன் என்ற தகுதி.

போன வாரம் ஒருவர் பர்சனல் லோன் கேட்டு வந்தார். அரசு அலுவலகத்தில் கிளார்க். 80,000 வேண்டும். எதற்கு என்ற கட்டத்தில் "மகனின் சிகிச்சை" என்று எழுதியிருந்தார். கூடவே வழவழ தாளில் ஒரு கொட்டேஷன். நாலு கலரில் மூளைப் படம், 40 செஷன், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி. தலைப்பு: நியூரோஃபீட்பேக். பையனுக்கு எட்டு வயசு. ஒரு இடத்தில் உட்கார மாட்டான், ஏடிஹெச்டி என்று சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே மாதிரி தாள் ஒன்று என் வீட்டு பீரோவிலும் இருக்கிறது.

"சார், இதை அமெரிக்காவுல டாக்டருங்களே ஒத்துக்கிட்டாங்களாம்" என்றார். இந்தப் பதிவு அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: தலையில் பசை தடவி ஒயர் ஒட்டுவார்கள். மூளையின் மின்னலையை இஇஜி மெஷின் படிக்கும். எதிரே திரையில் ஒரு கார் ஓடும். அவர்கள் எதிர்பார்க்கிற அலையை மூளை கொடுத்தால் கார் வேகம் எடுக்கும், இல்லாவிட்டால் நின்றுவிடும். இப்படிப் பரிசு கொடுத்துக் கொடுத்தே மூளையைப் பழக்குவது. அவ்வளவுதான்.

இதை ஒரே போடாக "ஃப்ராடு" என்று சொல்ல நான் வரவில்லை. ஆரம்பம் சுத்தமான ஆரம்பம். 1960களில் கலிஃபோர்னியாவில் பேரி ஸ்டெர்மன் என்ற விஞ்ஞானி பூனைகளுக்குப் பரிசாக ஆகாரம் கொடுத்து, நொடிக்கு 12 முதல் 15 சுற்று வரும் ஒரு அலையை அதிகமாக்கப் பழக்கினார். பிறகு ராக்கெட் எரிபொருளில் உள்ள ஒரு விஷம் வலிப்பை உண்டாக்குகிறதா என்று வேறு ஒரு ஆராய்ச்சிக்கு அதே பூனைகளும் போயின. பழக்கப்பட்ட பூனைகள் வலிப்பை மற்ற பூனைகளைவிட நன்றாகத் தாங்கின. பூனைக்கு நம்பிக்கையும் கிடையாது, கட்டிய ஃபீஸும் கிடையாது. அதனால் அது நல்ல சாட்சி. 1970களில் ஜோயல் லூபார் இதைத் துறுதுறு பிள்ளைகளிடம் கொண்டுபோனார். நம் நிம்ஹான்ஸில்கூட தலையில் அடிபட்டவர்களிடம் இதைச் செய்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆராய்ச்சி செய்யட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது?

என் சண்டை அந்தக் கொட்டேஷன் தாளோடு. அதில் மூன்று "அங்கீகாரம்" போட்டிருந்தது. என் பீரோவில் இருக்கும் தாளிலும் அதே மூன்று. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்று, "எஃப்டிஏ அங்கீகாரம்". அமெரிக்காவில் இந்த பயோஃபீட்பேக் மெஷின்கள் பல, உடம்பையும் மனசையும் தளர்த்தும் பயிற்சிக்கு என்ற பெயரில்தான் சந்தைக்கு வருகின்றன. ஏடிஹெச்டி குணமாகும் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

இரண்டு, "2013ல் ஏடிஹெச்டிக்கே எஃப்டிஏ ஒப்புதல்". அது நோயைக் கண்டறிய டாக்டருக்குத் துணையாக ஒரு இஇஜி கருவிக்குக் கொடுத்தது. சிகிச்சைக்குக் கொடுத்தது இல்லை. தராசுக்கு முத்திரை வாங்கிவிட்டு அரிசிக்கு வாங்கியதாகச் சொல்கிற கதை.

மூன்றுதான் பெரிய கில்லாடித்தனம். "அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் முதல் தரம் கொடுத்தது." 2012ல் அந்தச் சங்கத்துக்காக ஒரு தனியார் நிறுவனம் தயாரித்த பட்டியலில் பயோஃபீட்பேக் மேல் வரிசைக்கு வந்தது உண்மை. ஆனால் அதே சங்கம் 2019ல் வெளியிட்ட ஏடிஹெச்டி வழிகாட்டுதலில், பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லாத அல்லது பெரிதாகப் பலன் தராதவற்றின் வரிசையில் இஇஜி பயோஃபீட்பேக்கையும் பெயர் சொல்லிச் சேர்த்துவிட்டது. 2012ஐ லேமினேட் செய்து மாட்டியவர்களுக்கு 2019 கண்ணில் படவில்லை. பழைய பாலன்ஸ் ஷீட்டைக் காட்டி லோன் கேட்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன், ஆகவே ஆச்சரியப்படவில்லை.

நிற்க. பாங்கில் வேலை பார்ப்பவர்களுக்கு மேக்கர், செக்கர் என்றால் என்னவென்று தெரியும். ஒரு என்ட்ரியைப் போடுகிறவர் மேக்கர். சரிபார்த்துப் பாஸ் செய்கிறவர் செக்கர். இரண்டும் ஒரே ஆள் ஆகக் கூடாது. அவர் தங்கமான மனுஷராகவே இருக்கலாம், தன் என்ட்ரியில் இருக்கும் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் விஷயம்.

2022ல் என் பையனை 40 செஷனுக்குக் கூட்டிப் போனேன். முதல் நாள் டாக்டரைப் பார்த்ததோடு சரி. அப்புறம் ஒயர் ஒட்டியதெல்லாம் சில நாள் டிரெய்னிங் எடுத்த ஒரு பெண். பாவம், அது நல்ல பெண்தான். பத்து செஷனுக்கு ஒருமுறை ஒரு ஃபாரம் கொடுப்பார்கள். பையன் கவனம் சிதறுகிறதா? பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மார்க் போடுங்கள். யார் போடுவது? நான்தான். கொளுத்துகிற நாக்பூர் வெயிலில் ஸ்கூட்டரில் கூட்டிப் போனவன், பி.எஃப். லோன் போட்டுப் பணம் கட்டியவன். இருபதாவது செஷனில் "3" என்று எழுதப் போன கை "2" என்று எழுதியது. பொய் சொல்லவில்லை, அப்படித்தான் தெரிந்தது. தங்கமணியும் "தேவலைங்க" என்றாள். 40 முடிந்ததும் "இன்னும் 20 போட்டா நிக்கும் சார்" என்றார்கள். அதையும் போட்டேன். வாராக்கடனுக்கு மேல் புதுக் கடன் கொடுத்துப் பழசை உயிரோடு காட்டுவதற்கு எங்கள் தொழிலில் எவர்கிரீனிங் என்று பெயர். நானே செய்தேன்.

பிறகு வேறு ஒரு மனநல மருத்துவரிடம் போனபோது அவர் ஃபாரத்தை என்னிடம் தரவில்லை, ஸ்கூலுக்கு அனுப்பச் சொன்னார். சென்டருக்குப் போன கதையே டீச்சருக்குத் தெரியாது. அவர் எழுதி அனுப்பியது ஒரே வரி: போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் வித்தியாசம் இல்லை.

இது என் வீட்டுக் கதை மட்டும் என்றால் விட்டுவிடலாம். 2013ல் ஐரோப்பிய ஆராய்ச்சிக் குழு ஒன்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. சிகிச்சை நடப்பது தெரிந்தவர்கள் மார்க் போட்டால் முன்னேற்றம், பெரும்பாலும் தெரியாதவர்கள் மார்க் போட்டால் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 2021ல் அமெரிக்காவில் 144 பிள்ளைகள், 7 முதல் 10 வயது, 38 செஷன். ஒரு பகுதிக்கு நிஜமான பயிற்சி. மற்றவர்களுக்கும் அதே ஒயர், அதே திரை, ஆனால் ஓடியது முன்பே பதிவு செய்த வேறு இஇஜி. பெற்றோருக்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது. முடிவு? இரண்டு கூட்டமும் நன்றாக முன்னேறியது. இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் இல்லை. 2024 டிசம்பரில் 38 ஆய்வுகள், 2,472 பேர் என்று தொகுத்த கட்டுரை வந்தது. அதிலும் அதே கதை. நன்கு நிலைபெற்ற முறைகளை மட்டும் தனியாகப் பார்த்தால் சின்னதாக ஒரு பலன் தெரிகிறது என்றும் சொன்னார்கள். அதை மறைக்க மாட்டேன். ஆனால் சின்னதுக்குப் பெரிய கொட்டேஷன் எதற்கு?

"எப்படியோ பிள்ளை முன்னேறுது இல்ல, உனக்கென்ன?" என்று கேட்கலாம். முன்னேறியது எதனால் என்று நான் யோசித்துப் பார்த்தேன். வாரம் மூன்று நாள் சாயந்திரம் அப்பன் பாங்கிலிருந்து சீக்கிரம் கிளம்பி வந்தான். ஸ்கூட்டரில் பேசிக்கொண்டே போனோம். திரும்பும்போது தர்ரி போஹா சாப்பிட்டோம். திட்டாமல் ஒரு மணி நேரம் அவனுக்காக மட்டும். வீட்டில் கொஞ்சம் தேறினான் என்றால் அதற்கே தேறியிருக்கலாம். அதற்கு ஒயர் வேண்டாம். ஆனால் ஸ்கூலில் தேற வேண்டிய ஒரு வருஷம் போனது போனதுதான். மாத்திரையும் பெற்றோருக்கான பயிற்சியும் அந்த ஒரு வருஷம் தள்ளிப்போனது. பணம் திரும்ப வரும். பிள்ளையின் மூன்றாம் வகுப்பு வருமா?

என் கோபம் சென்டர்காரர்கள் மேல்கூட அவ்வளவு இல்லை, அவர்கள் வியாபாரிகள். கோபமெல்லாம் படித்த டாக்டர்கள் மேலேயும் சைக்காலஜிஸ்டுகள் மேலேயும்தான். "ட்ரை பண்ணிப் பாருங்க, சைட் எஃபெக்ட் இல்லை" என்று என்னிடம் வாயால் சொன்னவர் ஒரு டாக்டர். சீட்டில் எழுதித் தாருங்கள் என்றேன், எழுதவில்லை. எங்கள் ஆபீசிலும் இப்படி மேலதிகாரிகள் உண்டு. ஃபைலில் நோட் போட மாட்டார்கள். போனில் "பண்ணிடுப்பா" என்பார்கள். லோன் மூழ்கினால் "நான் எப்போ சொன்னேன்?" தொழில்முறை அங்கீகாரம் என்றால் கையெழுத்து. ஒன்று, ஆதாரம் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இல்லை, இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வாய்மொழி சாங்ஷன் வேண்டாம்.

லோன் கேட்டு வந்தவருக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. மறுக்க எனக்கு விதி இடம் தராது. சாங்ஷன் செய்தேன். கூடவே ஒரு பழைய சலானின் பின்னால் மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன். பொய்ப் பயிற்சியோடு ஒப்பிட்ட ஆய்வில் என்ன தெரிந்தது என்று எழுதித் தருவீர்களா? ஒயர் ஒட்டுபவர் ஆர்சிஐயில் பதிவு செய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா? முன்னேற்றத்தை டீச்சரிடம், அவருக்குச் சொல்லாமல், கேட்பீர்களா?

நேற்று திரும்ப வந்தார். கேட்டாராம். "உங்க பாங்க் ஆபீசர் டாக்டரா?" என்று திருப்பிக் கேட்டார்களாம். மூன்றுக்கும் பதில் மட்டும் வரவில்லை. "லோனை என்ன சார் பண்றது?" என்றார்.

பணம் கணக்கிலேயே இருக்கட்டும், முதலில் இங்கே எய்ம்ஸில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள் என்றேன். சாயந்திரம் பையனோடு ஒரு மணி நேரம் எங்கேயாவது போய் வாருங்கள் என்றும் சொன்னேன். அதற்கு லோன் வேண்டாம்.

பி.கு.: பையன் இப்போது மாத்திரை சாப்பிடுகிறான், பரவாயில்லை. "பரவாயில்லை" என்று சொன்னது நான் இல்லை. டீச்சர்.