குன்னூர் வக்கீலும் இன்டர்நேஷனல் ஜர்னலும்

தென்மேற்குப் பருவமழை வலுக்கும் நாட்களில், தமிழ்நாட்டில் அதிக மழை பெய்த இடங்களின் பட்டியலில் சின்னக்கல்லாறுடன் நீலகிரி மாவட்டத்துத் தேவாலாவின் பெயரும் அடிக்கடி வரும். அந்த மழையை எஸ்டேட் அலுவலகங்கள் தினமும் காலையில் அளந்து நோட்டில் குறித்து வைக்கின்றன. அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் குடியிருப்பில் வளர்ந்த ஒரு மாணவி தன் பிஎச்.டி.க்காக அப்படிப்பட்ட பழைய நோட்டுகளைத் தேடிப் பிடித்தார். கரையான் தின்ற பக்கங்கள் போக மிஞ்சியதைக் கணினியில் ஏற்றினார். பருவமழை தொடங்கும் நாள் எப்படி மாறி வந்திருக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதி முடித்தார். கைடு அதன் முதல் பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. "இந்தியன் ஜர்னலுக்கெல்லாம் அனுப்பாதேம்மா, வேஸ்ட். இன்டர்நேஷனல் ஜர்னல்ல வந்தாத்தான் அது பேப்பர். காசு கட்டினாலும் பரவாயில்ல" என்றார். சில நாளில் ஓர் ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் எண்ணும் வந்தது. பதினைந்தே நாளில் ஏற்பு உறுதி, பணம் முன்கூட்டியே. கேட்ட தொகை, அந்த மாணவியின் அம்மா கொழுந்து பறித்து வாங்கும் பல மாதச் சம்பளம்.

இப்படிச் சொல்பவர் அந்த ஒரு கைடு மட்டுமல்ல. நேர்முகத் தேர்விலும் பதவி உயர்வுக் குழுவிலும் துறைக் கூட்டத்திலும் முதல் கேள்வியே "இன்டர்நேஷனல் எத்தனை?" என்பதுதான். எதைக் கண்டுபிடித்தாய், தரவு எங்கிருந்து வந்தது, முடிவு சரியா என்ற கேள்விகள் வருவதே இல்லை. வெளிநாட்டு முகவரி போட்ட இதழில் வந்தால் ஆராய்ச்சி, நம் நாட்டு இதழில் வந்தால் பொழுதுபோக்கு என்ற இந்த நம்பிக்கை தவறானது. பல தலைமுறை மாணவர்களை அது ஏமாற்றிக்கொண்டிருக்கிறது.

நீலகிரியில் இருந்துகொண்டு இதை நம்புவது அதைவிடக் கொடுமை. இந்த மலையில்தான் இ.ஆர்.சி. டேவிதார் வாழ்ந்தார். அவர் குன்னூரில் வழக்கறிஞர். பேராசிரியர் இல்லை, ஆய்வகம் இல்லை, பல்கலைக்கழக லெட்டர்பேடும் இல்லை. புல்வெளியிலும் பாறை முகட்டிலும் நடந்து நீலகிரி வரையாடுகளை எண்ணினார். 1963-ல் வெளியான அந்தக் கணக்கெடுப்பும், 1975 முதல் 1978 வரை வரையாடு வாழும் மலைகளில் அதன் பரவலையும் நிலையையும் ஆராய்ந்து எழுதிய நீண்ட கட்டுரையும் எங்கே வந்தன? மும்பையிலிருந்து 1886 முதல் வெளிவரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில். இந்திய இதழ், இந்திய முகவரி, எழுதியவர் ஒரு வக்கீல்.

இன்றைக்கும் வரையாட்டைப் பற்றி எழுத உட்காரும் எந்த விஞ்ஞானியும், அவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், 1978-ன் அந்தக் கட்டுரையைத் தொடாமல் நகர முடியாது. அன்று எங்கெங்கே ஆடு இருந்தது என்பது தெரிந்தால்தான் இன்று எங்கெங்கே இல்லாமல் போனது என்று சொல்ல முடியும். தமிழக அரசு 25 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி வரையாடு பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, அவரை நினைவுகூர்ந்து அக்டோபர் 7-ஐ வரையாடு தினமாகவும் அறிவித்தது. மாநில விலங்குக்கு ஒரு நாள் குறித்தபோது, மும்பை இதழில் எழுதிய இந்த மனிதரைத்தான் அரசு தேர்ந்தெடுத்தது.

டேவிதாரின் கையெழுத்துப் பிரதி இன்றைய கைடு ஒருவரின் மேசைக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? "லோக்கல் ஜர்னல், ஸ்கோர் கிடையாது" என்று திரும்பியிருக்கும். எழுதியவருக்கும் அதே ஏஜென்ட்டின் எண் போயிருக்கும்.

அந்த ஏஜென்ட்டுகள் விற்கும் சரக்கையும் பார்த்துவிடலாம். ஹைதராபாத்திலிருந்து இயங்கிய ஓமிக்ஸ் நிறுவனம் உலகத்தரம் என்று சொல்லிக்கொண்டு நூற்றுக்கணக்கான இதழ்களை நடத்தியது. முறையான மதிப்பாய்வு நடப்பதாகப் பொய் சொன்னது, கட்டணத்தை மறைத்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. 2019 மார்ச்சில் 5 கோடி டாலருக்கு மேல் கட்டும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. இத்தகைய போலி இதழ்களில் 2014-ல் மட்டும் ஏறத்தாழ 4,20,000 கட்டுரைகள் வந்ததாகவும், எழுதியவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் இந்தியர் என்றும் ஷென், பியோர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 2015-ல் மதிப்பிட்டார்கள். நம் பிள்ளைகள் ஏன் அங்கே போய்க் குவிந்தார்கள்? வெளிநாட்டுப் பெயர் வேண்டும் என்று நாம்தான் விரட்டினோம். 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. தான் ஏற்ற இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே மூச்சில் நீக்கியபோது, அவற்றில் பணம் கட்டி வெளியிட்டவர்களுக்கு யாரும் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

போலிகளை விடுங்கள், அசல் வெளிநாட்டு நிறுவனத்தில் போட்டால் பிரச்சினை இல்லை என்பார்கள். அமெரிக்காவின் பெரிய பதிப்பகமான வைலி, ஹிந்தாவி நிறுவனத்தை 2021-ல் 29.8 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-ல் மட்டும் ஹிந்தாவி இதழ்களிலிருந்து 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. கடைசியில் அந்தப் பெயரையே வைலி கைவிட்டது. ஹிந்தாவி இதழ்கள் பலவும் ஸ்கோபஸ் போன்ற பட்டியல்களில் மரியாதையாக உட்கார்ந்திருந்தவை. நம் குழுக்கள் தலையாட்டி மதிப்பெண் போட்டவை. டேவிதாரின் கட்டுரையை யாரும் திரும்பப் பெறவில்லை.

ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்ல இம்பேக்ட் ஃபேக்டர் என்று ஓர் எண் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். 'ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ' என்ற படிகவியல் இதழின் எண் 2008-ல் 2.051. அடுத்த ஆண்டே அது 49.926 ஆகி, நேச்சரையும் தாண்டியது. ஜார்ஜ் ஷெல்ட்ரிக் எழுதிய ஒரே ஒரு கட்டுரையை உலகமெங்கும் படிகவியலாளர்கள் மேற்கோள் காட்டியதுதான் காரணம். அந்த ஆண்டில் அதே இதழில் வந்த மற்ற கட்டுரைகள் ஓரிரவில் இருபது மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டனவா? இதழின் சராசரியைக் காட்டி ஒரு கட்டுரைக்கு மதிப்பெண் போடுவது, ஊரில் ஒரு பணக்காரர் குடியேறியதும் எல்லோருடைய ரேஷன் கார்டையும் பிடுங்குவது போன்றது.

வெளிநாட்டுப் பெயரை நம்பி ஏமாறுவது தேவாலாக்காரர்களுக்குப் புதிதாக இருக்கக் கூடாது. 1880-ஐ ஒட்டி இந்த ஊரின் பாறைகளில் தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்று லண்டனில் கம்பெனிகள் முளைத்தன. பங்குகள் விற்றன, இயந்திரங்கள் மலையேறின. சில ஆண்டுகளில் எல்லாம் இழுத்து மூடப்பட்டன. லண்டன் சொல்லிவிட்டது என்பதே போதுமான சான்றாக இருந்தது. பாறையில் எவ்வளவு இருக்கிறது என்று நிதானமாகப் பார்க்க எவருக்கும் பொறுமை இல்லை. சுரங்கக் குழிகள் இன்னும் புதருக்குள் திறந்து கிடக்கின்றன.

நம் நாட்டு இதழை நம்பிய சி.வி. ராமனையும் நினைவூட்ட வேண்டும். 1926-ல் கல்கத்தாவில் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ்' இதழைத் தொடங்கியவர் அவர். 1928 மார்ச்சில் பெங்களூரில் ஆற்றிய உரையை அந்த இதழிலேயே அச்சிட்டு, பிரதிகளை உலகெங்கும் உள்ள இயற்பியலாளர்களுக்கு அனுப்பினார். 1930-ல் நோபல் பரிசு வந்தது.

இதில் பணத்தின் கதை தனி. நேச்சர் இதழில் எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி ஒரு கட்டுரை வெளியிட 2021-ல் நிர்ணயித்த கட்டணம் 9,500 யூரோ. அப்படிப் பணம் கட்டாமல் வெளியான கட்டுரையை நாம் படிக்க வேண்டுமானால் சந்தா கட்ட வேண்டும். 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்காக மத்திய அரசு 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. அதுவும் அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே. கூடலூர், பந்தலூர் காடுகளில் யானைத் தடம் காட்டி ஆய்வாளர்களைக் கூட்டிப்போகும் பணியரும் காட்டுநாயக்கரும் அந்தக் கட்டுரை எப்படி இருக்கும் என்று பார்க்கவே முடியாது. மும்பை இதழின் பழைய தொகுதிகளோ இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. கோயம்புத்தூரிலிருந்து 2009 முதல் வரும் 'ஜர்னல் ஆஃப் த்ரெட்டண்ட் டாக்ஸா' இதழையும் காசில்லாமல் படிக்கலாம். கட்டுரை எழுதப்பட்ட மண்ணுக்கு அது திரும்பி வர வேண்டாமா?

ஒரு நல்ல கைடு செய்ய வேண்டிய வேலைகள் வேறு. எந்த இதழ் இந்தக் கேள்வியைப் பேசும் வாசகர்களுக்குப் போகிறது என்று மாணவியோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த இதழின் கடைசி சில வெளியீடுகளைப் படிக்கச் சொல்ல வேண்டும். ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையான ஆட்களா என்று விசாரிக்க வேண்டும். மழைமானி இடம் மாறிய ஆண்டுகளையும் விட்டுப்போன நாட்களையும் கட்டுரையில் ஒளிக்காமல் எழுத வைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே இதழுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்லித்தர வேண்டும். மதிப்பாய்வாளர் கடுமையாக எழுதினால், வரிக்கு வரி பதில் எழுதத் துணை இருக்க வேண்டும். இதற்கெல்லாம் மாதங்கள் ஆகும். பதினைந்து நாளில் ஏற்பு என்று சொல்பவர் இதில் எதையும் செய்யப் போவதில்லை.

மேலிடத்து விதி என்று இனி கை விரிக்கவும் வழியில்லை. பிஎச்.டி. பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022 நவம்பரிலேயே எடுத்துவிட்டது. ஏற்கத்தக்க இதழ்களைக் குறித்த தன் கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டது. இதழின் தரத்தைப் பார்க்கும் பொறுப்பு கல்வி நிறுவனங்களின் கையிலேயே இருக்கிறது. அவை செய்ய வேண்டியது எளிது: விண்ணப்பத்தில் இதழின் நாடு, இம்பேக்ட் ஃபேக்டர் கேட்கும் கட்டங்களை நீக்கட்டும். விண்ணப்பிப்பவர் தன் சிறந்த இரண்டு கட்டுரைகளை முழுதாக இணைக்கட்டும். குழுவில் அவற்றைப் படித்தவர் யார், என்ன கருதினார் என்று கையெழுத்தோடு ஒரு பக்கம் எழுதிக் கோப்பில் வைக்கட்டும். அந்தப் பக்கம் இல்லாத கோப்பில் எந்த நியமனத்துக்கும் ஒப்புதல் தரக் கூடாது.